பதினொரு நாளும் ஒரு தும்பு மெத்தையும்

மகன்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று எழுதி, அங்கே நீ அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியையும் அதற்குள் மடித்து வைத்திருந்தாய். அப்பா விறாந்தையில் இருந்து அதைச் சத்தமாக வாசித்தார். தண்ணீரில் கலந்த கதிரியக்க நஞ்சைப் பிடித்தெடுக்கும் பொருட்களைப் பற்றி ஆராய விரும்புகிறாய் என்றும், அந்த விருப்பம் உனக்குத் தாயிடமிருந்து வந்தது என்றும், திருகோணமலையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் வெறும் தென்னந்தும்பை வைத்து அவள் அதைச் செய்து காட்டியவள் என்றும் எழுதியிருந்தாய். அப்பா அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மூன்றாம் தரமும் வாசித்தார். நான் குசினிக்குள் போய், கழுவி வைத்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவினேன். என் முகத்தை அவர்கள் பார்க்கக் கூடாது என்று இருந்தது.

நீ எழுதியதில் பொய் இல்லை. நான் உனக்குச் சொன்னதைத்தான் நீ எழுதினாய். நான் உனக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அடுத்த மாதம் நீ விமானம் ஏறிய பிறகு இதை எழுத எனக்குத் துணிவு வராது. நீ தூரத்தில் இருக்கிறாய், மனம் நொந்து போவாய் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொள்வேன். சாட்டுச் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. வாசித்துக்கொண்டு போனால் உனக்கே தெரியும்.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆன காலம். கப்பல்துறைப் பக்கம், கண்டி வீதியிலிருந்து உள்ளே தள்ளி, பழைய இராணுவக் கொட்டில்கள் இரண்டைத் திருத்தி ஒரு தனியார் நிறுவனம் வேலை தொடங்கியது. வடக்குக் கரையிலிருந்து கருமணலை லொறியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த மணலில் மஞ்சள் நிறத்தில் ஒரு சாதி மணியும் கலந்திருக்கும். அதற்குள் தோரியம் உண்டு. மஞ்சள் மணியைப் பிரித்து, அமிலத்தில் வேகவைத்து, தோரியத்தை எடுக்கலாமா என்று பார்ப்பதுதான் அங்கு நடந்த முயற்சி. வேகவைத்துக் கழுவிய தண்ணீர் பின்னால் ஒரு குழிக்குள் போனது. அந்தத் தண்ணீரில் ரேடியம் கரைந்து போனது. குழிக்கு அப்பால் ஒரு ஓடை, ஓடைக்கு அப்பால் கிணறுகள். அந்த ரேடியத்தைத் தண்ணீரிலிருந்து எப்படியாவது பிடித்தெடுக்க வேண்டும் என்பதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார்கள். விஞ்ஞானப் பட்டம் பெற்ற பெண்கள் ஊரில் அதிகம் இல்லாத நாள். எனக்கு ஒரு வெள்ளை மேலங்கி தந்தார்கள். நீ அப்போது மூன்று வயது நடக்கிற பிள்ளை.

ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் சரிவரவில்லை. சிரட்டைக் கரி போட்டுப் பார்த்தேன். உமிச் சாம்பல், சுட்ட களிமண், செங்கல் தூள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு விட்டு அமிலத்தை அடக்கிய பிறகு தண்ணீரை இந்தப் பொருட்களுக்கூடாக விட்டு, வெளியே வருவதைக் கிண்ணத்தில் வற்றவைத்து, கதிரை எண்ணும் கருவிக்குக் கீழே வைப்பேன். அதைக் கவுண்டர் என்று சொல்வோம். 'டிக், டிக்' என்று அது அடிப்பதை எண்ணிக் கொப்பியில் எழுதுவேன். போன கணக்குக்கும் வந்த கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கண்காணிப்பாளர் யாழ்ப்பாணத்து மனிதர். கொப்பியைப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தினை மாதம், மிஸ்?" என்று மட்டும் கேட்பார்.

வழி காட்டியவள் சுபைதா. அவளை உனக்குத் தெரியாது. கிண்ணியாவில் இருந்து காலையில் பாதையேறி வருவாள். பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரையும் இக்கரையுமாகப் போகும் மிதவைதான். இப்போதும் ஓடுகிறது. கணவர் இறந்து இரண்டு வருடம். பௌசியா என்று ஒரு மகள், உன்னைவிட ஒரு வயது கூட. வீட்டில் தேங்காய்ப் பொச்சு ஊறவைத்து அடித்துத் தும்பு எடுக்கிற பெண். எங்கள் கொட்டிலில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்தாள். ஒருநாள் கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமாக்கப் போட வைத்திருந்த கொண்டிஸ் போத்தலை, அதுதான் பொட்டாசியம் பேர்மங்கனேற்றுக் கரைசலை, நான் தட்டி ஊற்றிவிட்டேன். தரை முழுக்க ஊதா. சுபைதா ஒரு பிடி தும்பைச் சுடுதண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் துடைத்தாள். அடுத்த நாள் அந்தத் தும்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மிஸ், இதப் பாருங்க. ஊதா போயிட்டுது. ஆனா தும்பு கறுத்துப் போச்சு. எத்தின தரம் அலசினாலும் போகுதில்ல. நாருக்குள்ளயே ஒட்டிப் பிடிச்சிட்டுது."

நான் அந்த நாரை விரலால் உருட்டிப் பார்த்தேன். கொண்டிஸில் உள்ள மங்கனீசு, கறுப்புப் படலமாக நாரின் மேல் படிந்திருந்தது. அந்தப் படலத்துக்கு ரேடியத்தைப் பிடிக்கும் குணம் இருக்கலாம் என்று தோன்றியது. அன்று பின்னேரமே ஒரு கண்ணாடிக் குழாயில் அந்தத் தும்பை அடைத்துத் தண்ணீரை விட்டேன். கவுண்டர் அடிக்க மறந்துபோனதுபோல் நின்றது. கருவி பழுது என்று நினைத்து இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன். பழுது இல்லை. தண்ணீரில் இருந்த ரேடியம் தும்பில் ஒட்டிவிட்டது. பாடப்புத்தகத்தில் நீ படித்த புறத்துறிஞ்சல்தான். ஆனால் அதைக் கண்முன்னே முதன்முதல் காண்கிறபோது வருகிற சந்தோஷத்தைப் புத்தகம் சொல்லாது. நானும் சுபைதாவும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அந்த வாரமே அறிக்கை எழுதினேன். "நான் அவதானித்தேன், நான் தயாரித்தேன், நான் பரிசோதித்தேன்" என்று எழுதினேன். சுபைதாவின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. அதில் ஒரு பிழை இருப்பதாகக்கூட அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. என் வெட்கக்கேடுகளில் இது சின்னது. ஆனால் மற்றது எல்லாம் இதற்குள்ளிருந்துதான் வந்தது என்று இப்போது நினைக்கிறேன். கூட நின்ற ஒருத்தியைக் கடதாசியில் காணாமல் ஆக்கப் பழகிவிட்டால், நேரில் அதைச் செய்வதற்கு அதிக நாள் எடுக்காது.

பிறகு தகரப் பீப்பாக்களில் கறுத்த தும்பை அடைத்து, கழுவிய தண்ணீர் முழுவதையும் அதற்கூடாக விட்டோம். தும்புக்கு ஒரு அளவு உண்டு. கொஞ்ச நாளில் நிறைந்துவிடும். அதற்குமேல் பிடிக்காது. நிறைந்ததை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை அடைக்க வேண்டும். எடுத்துப் போட்டதைப் புதைக்கச் சீமெந்துக் குழி ஒன்று கட்டப்படும் என்று என் அறிக்கையிலேயே எழுதியிருந்தேன். குழி கட்டவில்லை. நானும் கேட்கவில்லை. பழைய தும்பு கிடுகுக் கொட்டில் ஒன்றுக்குக் கீழே காய்ந்துகொண்டு குவிந்து கிடந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் சுத்தமான தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டினேன். அந்த ரேடியம் அழிந்து போகவில்லை, இடம் மாறித்தான் இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் என் கண் தண்ணீரிலேயே இருந்தது. நீ அங்கே போய் என்னத்தைக் கண்டுபிடித்தாலும், பிடித்தெடுத்தது பிறகு எங்கே போகிறது என்று முதல் நாளே கேள். யாரும் கேட்காவிட்டாலும் நீ கேள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் எழுதிக்கொண்டு இருந்தபோது சுபைதா வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், அந்தப் பழைய தும்பு சும்மாதானே கிடக்கு. கொஞ்சம் எடுக்கவா?"

"ஓம், ஓம், எடுங்கோ" என்றேன். தலை நிமிரவில்லை. அவள் கேட்டது என் காதில் விழவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுந்தது, மகன். என்ன தும்பு என்றும் எனக்கு விளங்கியது. எழுதிக்கொண்டிருந்த வசனம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து அவள் ஒரு குட்டி மெத்தையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்து தந்தாள். பச்சைப் பூப்போட்ட சீத்தைத் துணி. கையாலேயே தைத்தது. "ரெண்டு தெச்சன் மிஸ். ஒண்டு பௌசியாக்கு, ஒண்டு உங்கட மகனுக்கு. நல்ல மெத்தெண்டு இரிக்கும்" என்றாள். நீ அதில் ஏறிக் குதித்தாய். அன்றைக்கே அதில்தான் படுப்பேன் என்று அழுதாய். உன் சின்னக் கட்டிலில் அதைப் போட்டேன். உள்ளே என்ன தும்பு என்று நான் யோசிக்கவே இல்லை. நான்கு நாள் நீ அதில் படுத்தாய். ஐந்தாம் நாள் காலை விரிப்பு மாற்றும்போது தையல் ஓரத்தில் ஒரு நார் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கறுப்பு நார்.

ஒரு பிடியை இழுத்துக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். வேலைக்குப் போனதும் கவுண்டருக்குக் கீழே வைத்தேன். அது அடித்த சத்தத்தை நான் எழுத மாட்டேன். கதவைச் சாத்திவிட்டு அலுமாரியில் சாய்ந்துகொண்டு நின்றேன். தலைவலி என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, மெத்தையைக் கிழித்து, தும்பைச் சாக்கில் கட்டினேன். அப்பா கேட்டபோது மூட்டைப்பூச்சி என்றேன். உன்னை மூன்று தரம் குளிப்பாட்டினேன். நீ சவர்க்காரம் கண்ணுக்குள் போகுதென்று கத்தினாய். மறுநாள் சாக்கைக் கொண்டுபோய்ப் பழைய குவியலோடு கொட்டினேன். உன்னை அந்த மெத்தையிலிருந்து எடுக்க எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் பிடித்தது.

சாக்கைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது சுபைதா விளக்குமாற்றோடு எதிரே வந்தாள்.

"மகனுக்கு மெத்த பிடிச்சிரிக்கா, மிஸ்?"

"ஓம்" என்றேன். "நல்லா நித்திரை கொள்ளுறான்."

அந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. ஏன் என்று இருபது வருடமாக யோசித்திருக்கிறேன். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து பார்க்கப் போவதாக இருந்தது. வேலை பெருக்கப்பட்டால் ஆய்வுகூடத்துக்கு என்னையே பொறுப்பாக வைப்பார்கள் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். தும்பு வெளியே போனது தெரிந்தால், போக விட்டவள் யார் என்று கேட்பார்கள். அவர்கள் வந்து போகட்டும், பிறகு சொல்லுவோம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

அவர்கள் வருவது ஒருதரம் பிந்தியது. பதினொரு நாள் போனது. ஒவ்வொரு நாளும் சுபைதா வந்தாள், கூட்டினாள், என்னோடு தேத்தண்ணீர் குடித்தாள், பௌசியாவின் பகிடிகளைச் சொன்னாள். நானும் சிரித்தேன். பின்னேரத்தில் அவள் பாதைக்குப் போகும்போது, அக்கரையில் அவள் வீட்டில் விரித்திருக்கும் மெத்தையை நினைப்பேன். வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கி மடியில் வைப்பேன்.

பெரியவர்கள் வந்து, குவளையில் தண்ணீரைப் பார்த்து, கை கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் நான் கண்காணிப்பாளரிடம் போய், பழைய தும்பில் கொஞ்சம் குறைகிறது, சுபைதா எடுத்திருக்கலாம் என்றேன். என்ன சொல்லைத் தெரிந்தெடுத்திருக்கிறேன் பார். 'எடுத்திருக்கலாம்.' அவர் கருவியோடு இரண்டு பேரைக் கிண்ணியாவுக்கு அனுப்பினார். மெத்தையை அயலவர்கள் பார்த்திருக்க வீட்டிலிருந்து தூக்கி வந்தார்கள். சுபைதாவை முற்றத்தில், எல்லா வேலையாட்களுக்கும் முன்னால் நிறுத்தினார்கள்.

"களவெடுத்தனீரோ?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"இல்ல ஐயா. மிஸ்ஸிட்டக் கேட்டுத்தான் எடுத்தன். மிஸ் எடுக்கச் சொன்னாங்க." அவள் குரலில் பயமே இல்லை. நான் அங்கே நிற்கிறேன், நான் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொன்னனீங்களோ, மிஸ்?"

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

சுபைதா என்னைப் பார்த்தாள். நான் திருத்திச் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்து நின்றாள். பிறகு சீலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு வீதிப்பக்கம் நடந்தாள். கள்ளி என்ற பெயரோடு அக்கரைக்குப் போனாள். என்னை ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக்கினார்கள்.

மிச்சம் உனக்குத் தெரிந்தது. தோரியம் எதிர்பார்த்தபடி கிடைக்காமல் இரண்டு வருடத்தில் அந்த இடத்தைப் பூட்டிவிட்டுப் போனார்கள். தும்பை அவர்கள் போகும் முன் நான் நின்று புதைப்பித்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கப் போனேன். நீ வளர்ந்தாய். உனக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு தரமும் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று அப்பா பகிடி பண்ணுவார். அப்பாவுக்கு நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மழை பெய்து ஈரமாயிருந்த கன்றுகளுக்கு.

நீ விஞ்ஞானம் படித்தவன். கணக்குப் போட்டுப் பார்ப்பாய். நானும் போட்டிருக்கிறேன், பல தரம். அந்த மெத்தைகளால் உங்கள் இருவருக்கும் பட்டது பெரிதல்ல என்றுதான் கணக்கு வருகிறது. உனக்கும் ஒன்றும் வரவில்லை, பௌசியாவுக்கும் இதுவரை ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பதினொரு நாளில் என் கையில் அந்தக் கணக்கு இருக்கவில்லை. ஆபத்து சின்னது என்று தெரிந்துகொண்டு நான் அந்தப் பிள்ளையை அதில் படுக்க விட்டேன் என்றில்லை. பெரிதாயிருக்கும் என்று பயந்து என் பிள்ளையை எடுத்தேன். அதே பயத்தோடு அவள் பிள்ளையை விட்டேன். பிறகு வந்த கணக்கு என்னைக் காப்பாற்றாது.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருதரம் கிண்ணியாவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். சுபைதா கதிரை போட்டு, தேத்தண்ணீர் தந்தாள். முற்றத்தில் நான் சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டேன். அவள் அதைக் கேட்டுத் தலையாட்டினாள், தெரிந்த செய்திக்குத் தலையாட்டுவதுபோல. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்கட மகன்ட மெத்தய எப்ப எடுத்தீங்க, மிஸ்?"

"உங்கட வீட்டில எடுத்த அண்டைக்குத்தான்" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள், வியாழக்கிழமை, திரும்பவும் பாதையேறினேன். சுபைதாவுக்கு முழங்கால் ஏலாது. பாயில் இருந்தபடியே பேசினாள். பௌசியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் கதிரையில் இருக்கவில்லை. உன்னுடையதை எடுத்த நாளைச் சொன்னேன். பதினொரு நாள் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். பௌசியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பதினொரு நாளும் என்னோட இருந்து கதைச்சிரிக்கீங்க" என்றாள் சுபைதா. "தேத்தண்ணி குடிச்சிரிக்கீங்க. சிரிச்சிரிக்கீங்க. மெத்தயவிட அதுதான் மிஸ் எனக்கு ஏலாம இரிக்கு."

உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ இதே வேலையைப் படிக்கப் போகிறாய், தும்பைப் பற்றி எழுதியிருக்கிறாய், அதில் அவளுடைய பெயரைச் சேர்க்கச் சொல்லலாமா என்று கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"எழுதச் சொல்லுங்க" என்றாள். "கறுத்த தும்ப முதல் கண்டது நான் எண்டு எழுதட்டும். அத நான் களவெடுக்கல்ல எண்டும் எழுதட்டும். இந்த ஊரில இன்னும் கொஞ்சப் பேருக்கு அது தெரியா."

அதனால்தான் இந்தக் கடிதம், மகன். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியதைத் திருத்தி எழுது. அவர்களுக்கு அது தேவையில்லை என்று நீ நினைத்தாலும் எழுது. நீ வெளியிடும் முதல் கட்டுரையிலும் எழுது. தமிழில் ஒரு பிரதி எழுதி எனக்கு அனுப்பு. அதைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் நின்று, அயலவர்களுக்குக் கேட்கும்படி நானே வாசிக்கிறேன். கேட்டுத்தான் எடுத்தாள், கொடுத்தவள் என் தாய், பிறகு இல்லை என்று சொன்னவளும் என் தாய்தான் என்று எழுது. சொல்லை மெதுவாக்காதே.

அம்மா